பெரிய சைஸ் முகம்

சாயப்பொடி அரைக்கும் அந்த ஆலையில் எல்லோரும் அவரைப் 'பெரியவர்' என்றுதான் கூப்பிட்டார்கள். வயதுக்காக அல்ல, தாடிக்காக. நாற்பதுகூட ஆகாத மனிதர். ஆனால் நெஞ்சுவரை இறங்கிய அந்தத் தாடியைத் தடவிக்கொண்டு "ம்..." என்று அவர் இழுத்தால், பழுதான மோட்டார்கூட ஓடலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அந்த "ம்"முக்குப் பின்னால் ஏதாவது சரக்கு இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவிடாமல் தாடி பார்த்துக்கொண்டது.

அவருக்கு வினை சகலை உருவத்தில் வந்தது. மனைவியின் தங்கையைக் கட்டியவன். அவரே சிபாரிசு செய்து அதே ஆலையில் சேர்த்துவிட்டார். மழமழவென்று சவரம் செய்த அகன்ற முகம், எதைச் சொன்னாலும் "சரிண்ணே." சேர்ந்த புதிதில் அவன் 'நம்ம ஆளு'. வேலையைச் சீக்கிரம் கற்றுக்கொண்டதும் 'அவன்'. மேனேஜர் அவன் தோளில் கைபோட்டுப் பேசிய நாளிலிருந்து 'அது'.

வீட்டிலும் நிம்மதி இல்லை.

"தங்கச்சி வீட்டுக்காரர் சமையல்கட்டுக் குழாயை அவரே மாத்திட்டாராம்" என்பாள் மனைவி.

"நம்ம வீட்டுக் குழாய் ஒழுகவே இல்லையே."

"ஒழுகினாத்தானே தெரியும் உங்க சாமர்த்தியம்."

இந்த நேரம் பார்த்து, நீலப் பொடியை மாவாக அரைக்க ஆலையில் ஒரு மூடிய அறை கட்டினார்கள். அதற்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான். முதல்ல மாஸ்க் சோதனையில தேறுங்க. அரவை ஆரம்பிக்கிற அன்னிக்கு யாருன்னு சொல்றேன்" என்றார் மேனேஜர். பெரியவருக்கு அந்த நாற்காலி இல்லாவிட்டால் உயிர் போய்விடாது. சகலைக்குக் கிடைத்துவிட்டால் போய்விடும்.

சோதனை செய்ய வந்தவள் பாதுகாப்புப் பிரிவுப் பெண். பெரியவரைப் பார்த்ததுமே கையிலிருந்த ரப்பர் மாஸ்க்கைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

"தாடி இருந்தா சோதனையே கிடையாது சார். மாஸ்க் தோல்ல ஒட்டணும், முடியில ஒட்டாது."

"இது முடி இல்லம்மா, மரியாதை."

"மரியாதைக்கு நடுவுலயும் காத்துப் போகும் சார்."

பக்கத்தில் நின்ற சகலை உண்மையாகவே வருத்தப்பட்டான். "எடுக்காதீங்கண்ணே. ஆசையா வளர்த்தது. இந்த அறை இல்லாட்டி வேற வேலையா இல்ல?"

ஓகோ, கதை அப்படிப் போகிறதா என்று நினைத்துக்கொண்டார் பெரியவர். அன்று மாலையே சலூனில் போய் உட்கார்ந்தார்.

"ஓரம் வெட்டவா?" என்றார் சவரக்காரர்.

"வேரோட."

முடி விழ விழ, இத்தனை காலம் கட்டிக் காத்த ரகசியம் கண்ணாடியில் வெளியே வந்தது. தாடை இருக்க வேண்டிய இடத்தில் கழுத்து ஆரம்பித்திருந்தது. கதவைத் திறந்த மனைவி ஒரு கணம் யாரோ என்று நினைத்துச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அப்புறம் அடையாளம் தெரிந்து, "ஏங்க, உங்க முகம் இவ்வளவுதானா?" என்றாள். "பொண்ணு பார்க்க வந்தப்பவே தாடியோட வந்தீங்களே. எங்கப்பா ஏமாந்துட்டார்."

மறுநாள் சோதனை, ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில். சின்னக் கூடாரம் மாதிரி ஒரு துணிக்கூண்டைத் தலையில் மாட்டுவார்கள். முகத்துக்கு நேராக அதில் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். ஓர் ஓட்டை வழியாக உள்ளே கசப்பு மருந்தைப் புகையாகப் பீய்ச்சுவார்கள். முதலில் மாஸ்க் இல்லாமல், நாக்குக்குக் கசப்பு தெரிகிறதா என்று பார்க்க. பிறகு மாஸ்க்கோடு. அப்போதும் கசந்தால் மாஸ்க்கில் எங்கோ சந்து இருக்கிறது என்று அர்த்தம். சகலைக்குப் பெரிய சைஸ் கச்சிதமாகப் பொருந்தியது. தலையைத் திருப்பினான், குனிந்தான், பேசினான். எதுவும் கசக்கவில்லை. தேறிவிட்டான்.

பெரியவரின் முறை. மாஸ்க் இல்லாமல் ஒரு பீய்ச்சுக்கே கசப்பு தொண்டைவரை போனது. நாக்கு சரியாகத்தான் இருந்தது. அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாஸ்க்கை நீட்டினாள்.

"இது என்ன சைஸ்?"

"சின்னது சார்."

கூடத்தில் தேநீர் உறிஞ்சும் சத்தம் நின்றது.

"அவனுக்கு?"

"பெரியது."

"நான் அவனுக்கு மூத்தவம்மா!"

"மாஸ்க்குக்கு மூத்தவர் இளையவர் தெரியாது சார். உங்க முகத்துக்கு இதுதான் பிடிக்கும்."

"என் முகத்துக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியும்" என்று பெரிய சைஸை எடுத்துப் போட்டு, காது பிதுங்க வாரை இழுத்தார். அவள் தோளைக் குலுக்கினாள். "சரி, போட்டுப் பாருங்க. கசந்தா கையைத் தூக்குங்க." பொய்யைக் கசப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பினாள். பொறாமையின் பலம் அவளுக்குத் தெரியாது.

அவர் தலையை இடப்பக்கம் திருப்பியதும் தாடையோரம் ஒரு சந்து திறந்தது. வேப்பங்காய், பாகற்காய் எல்லாம் வெறும் சர்க்கரை என்று சொல்லவைக்கும் கசப்பு. கை தன்னால் பாதி எழுந்தது. அப்போது ஜன்னல் வழியாக எதிரே பார்த்தார். மேனேஜர் ஏதோ சொல்ல, அது சிரித்துக்கொண்டிருந்தது. எழுந்த கை மூக்கைச் சொறிவதுபோல் கூண்டைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

"இப்போ பேசுங்க சார். சுவர்ல இருக்கிறதைப் படிங்க."

சுவரில் பாதுகாப்பு உறுதிமொழி மாட்டியிருந்தது. "பாதுகாப்பே... என்... உயிர்மூச்சு..." என்று படித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாய்க் கசப்பை விழுங்கினார். "உண்மையை... மறைக்க... மாட்டேன்..."

"கசக்குதா?"

"எனக்கா? துளிகூட இல்ல."

"கண்ல தண்ணி வருதே?"

"உறுதிமொழி மனசைத் தொட்டுடுச்சும்மா."

அவள் கூண்டைக் கழற்றினாள். "சார், இது எனக்குச் சொல்ற பதில் இல்ல. உள்ள போறது உங்க நெஞ்சுக்குள்ள."

"என் நெஞ்சு பெருசும்மா" என்றார் பெரியவர். கசப்பில் நாக்கு மடங்கியிருந்ததால் வார்த்தை சரியாக வரவில்லை. கசப்பு தெரியும் நாக்குள்ள மனிதரே கசக்கவில்லை என்று சொன்ன பிறகு அவள் என்ன செய்வாள்? தேறியதாகச் சொல்லிவிட்டாள். அன்று வீட்டில் போட்ட பாயசம்கூட அவருக்குக் கஷாயமாக இருந்தது. ஆனால் மனம் இனித்தது.

அரவை தொடங்கும் நாளில் முதலாளியே வந்தார். நாடா வெட்டினார். இரண்டு சகலைகளும் மாஸ்க்கோடு உள்ளே போனார்கள். யந்திரம் உறுமியது, நீலம் புகைந்தது. பெரியவர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்ற முதலாளிக்குத் தெரியும்படி கையை நீட்டி நீட்டி உத்தரவு போட்டார், தலையை எட்டுத் திசையும் திருப்பினார். திருப்பிய திசையிலெல்லாம் சந்து திறந்தது.

வெளியே வந்து உடையைத் தட்டிக்கொண்டு, புகைப்படத்துக்கு வரிசையாக நின்றார்கள். "மாஸ்க்கைக் கழட்டுங்க" என்றார் படமெடுப்பவர். சகலை கழற்றினான். வேர்வையைத் தவிர முகத்தில் வேறு எதுவும் இல்லை. பெரியவர் கழற்றிவிட்டு, மேற்பார்வையாளருக்குரிய புன்னகை ஒன்றைப் புரிந்தார்.

பல்லெல்லாம் நீலம். மூக்குத் துவாரங்களிலிருந்து இரண்டு நீலக்கோடுகள் இறங்கி, உதட்டின்மேல் இருபுறமும் வளைந்து முறுக்கி நின்றன.

"அடடே, பெரியவருக்கு மீசை முளைச்சிடுச்சு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஆலையே சிரித்தது. முதலாளி குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டார். அவர் செருப்பும் குலுங்கியது.

இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. "மூக்கு வாசல்லயே இவ்வளவுன்னா உள்ள எவ்வளவு போச்சோ. முதல்ல டாக்டர்கிட்ட வாங்க சார்" என்றாள் சோதனைப் பெண். சகலை ஈரத் துண்டோடு ஓடிவந்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டான். "சிந்துங்கண்ணே... நல்லா சிந்துங்க." ஊர் சிரித்ததைப் பெரியவர் தாங்கிக்கொண்டார். இதைத்தான் தாங்க முடியவில்லை.

பயமில்லை என்றார் டாக்டர். கொஞ்ச நாள் நீலமாகத் தும்மினார். நாற்காலி சகலைக்குப் போனது. பெரியவர் மறுபடி துணிக்கூண்டுக்குள் உட்கார்ந்தார், இந்த முறை சின்ன சைஸ் மாட்டிக்கொண்டு. கசப்பு கடுகளவும் தெரியவில்லை. கூண்டைக் கழற்றி, எதிரே நின்ற சகலையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது அவர் தினமும் உள்ளே அரைக்கிறார். மேற்பார்வையாளர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான். அந்த இடத்துக்கு மாஸ்க் தேவையில்லை. மாஸ்க் தேவையில்லாத முகத்துக்குச் சவரம் எதற்கு? கன்னத்தில் முதலில் நிழல் மாதிரி விழுந்தது, பிறகு கருகருவென்று இறங்கத் தொடங்கியது. ஒருநாள் யந்திரம் நின்றுபோனது. மேனேஜர் ஓடிவந்து கேட்க, அது தாடியைத் தடவிக்கொண்டு, "ம்..." என்றது. மேனேஜர் கைகட்டிக் காத்திருந்தார்.

அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள்: "தங்கச்சி வீட்டுக்காரருக்குத் தாடி ரொம்ப எடுப்பா இருக்குங்க. என்ன இருந்தாலும் பெரிய முகம் பாருங்க."

பெரியவரின் கை பழக்க தோஷத்தில் தாடிக்குப் போனது. தாடி இல்லை. சரி, தாடையையாவது தடவலாம் என்று தேடினார். கை நேராகக் கழுத்துக்கு வந்துவிட்டது.