ஊர்சுற்றி அக்காவின் மூன்றாவது பதில்

நான் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. ஏறுகிறவர்களுக்கு எந்தப் பக்கத்து ஜன்னல் நல்லது என்று சொல்வது மட்டும் நான்தான்.

பயண நிறுவனம் ஒன்றின் மூன்றாவது மாடியில் எனக்கு வேலை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருப்பார்கள், அந்த வாளிக்குப் பக்கத்து மேசை என்னுடையது. நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்குத் திங்கட்கிழமை விமானச் செய்தி எழுத வேண்டும். யார் எந்த ஊருக்குப் புதிதாகப் பறக்கிறார்கள், யார் பெட்டியின் எடையைக் குறைத்துவிட்டார்கள், யார் காலை விமானத்தைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் அதில் வரும். புதன்கிழமை சலுகைச் செய்தி. வெள்ளிக்கிழமை பயண அனுபவம். முதல் இரண்டும் பெயரில்லாமல் போகும். மூன்றாவது மட்டும் 'ஊர்சுற்றி அக்கா' என்ற பெயரில் வரும். அந்த அக்கா நான்தான். நாற்பத்திரண்டு வயது, மீசை, தீராத முதுகுவலி.

அனுபவம் எழுதுவதற்கு ஒரு கணக்கு உண்டு. விடுதிக்காரர்கள் படங்களும் ஒரு தகவல் தாளும் அனுப்புவார்கள். அதை வைத்துக்கொண்டு நான் காலையில் எழுந்து, பால்கனியில் நின்று, ஈரமணலில் நடந்து, வெயிலில் கறுத்து ஊர் திரும்ப வேண்டும். ஒரு சின்னக் குறையும் கட்டாயம் சொல்ல வேண்டும், அப்போதுதான் படிப்பவர்கள் நம்புவார்கள். துண்டு மெலிசு, காபி ஆறிப்போயிருந்தது, பக்கத்து அறைக்காரர் குறட்டை. குறை சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று மேனேஜரே பாராட்டியிருக்கிறார். இப்படி நாக்கூசாமல் ஆறு வருடம் அளந்துவிட்டேன்.

அக்காவுக்கு ரசிகர்கள் அதிகம். அவர்களில் ஒருத்தி என் தங்கை. அண்ணன் அந்த ஆபீசில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அது ஒரு சாக்கு. மீசை வைத்துக்கொண்டு அக்காவாக எழுதுகிறேன் என்று தங்கையிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவளோ வாரம் தவறாமல் போன் செய்து, "உங்க ஆபீஸ் அக்கா கலக்கிட்டாங்கண்ணா, அந்தச் சோப்பு விஷயம் படிச்சியா?" என்று சிரிப்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அவள் சொன்ன சோப்பு, தீவுக் கட்டுரையில் வருவது. ஒரு தீவுக்கு நேரடி விமானம் தொடங்கியிருந்தார்கள். முதல் மூன்று மாதத்துக்குப் பாதி விலை. அறையும் பாதி விலை. விடுதியின் தகவல் தாளில் கடைசிக்கு முந்தைய வரி, அந்த மூன்று மாதமும் கடலில் இழுப்பு அதிகம், விருந்தினர்கள் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று சொன்னது. விலை ஏன் பாதி என்பதற்கு அதுதான் காரணம். நான் எழுதியதில் அந்த வரி இருந்தது. மேனேஜர் படித்துவிட்டு என் மேசைக்கே வந்தார்.

"ஏம்ப்பா, லீவுக்குப் போறவனை இப்படிப் பயமுறுத்துவாங்களா? கடலுக்குப் போறவன் கடல்ல இறங்காம கரையில உக்காந்து சீட்டா ஆடுவான்? இதை எடுத்துட்டு வேற ஏதாவது குறை போடு."

எடுத்தேன். குளியலறைச் சோப்பு தீப்பெட்டி அளவுதான் இருந்தது என்று போட்டேன். எடுக்கச் சொன்னவர் அவர், உண்மைதான். எடுத்த விரல் என்னுடையது.

இரண்டு மாதம் கழித்துத் தங்கை கூப்பிட்டாள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவளும் மாப்பிள்ளையும் எங்குமே போனதில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கனத்த கண்ணாடி போட்டவர், தண்ணீர் என்றால் குடிப்பதற்கு மட்டும்தான் என்பார்.

"அண்ணா, அந்தத் தீவுக்குப் போகலாம்னு இருக்கோம். நல்லாருக்குமா?"

"என்னைக் கேட்டா? நான் எங்கே போனேன்? அக்காவைக் கேளு."

இது எனக்குப் பெரிய நகைச்சுவையாகத் தோன்றியது. போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன். நூற்றுக்கணக்கில் ஊர் அளந்தவனுக்கு ஒரு ஊரின் வெட்டிய வரி ஞாபகத்தில் இல்லை.

அவர்கள் தீவுக்குப் போன நாலாவது நாள் மாப்பிள்ளை கடலில் போய்விட்டார். முழங்கால் அளவில் நின்றுகொண்டிருந்தவரைக் காலை வாரிவிட்ட மாதிரி இழுத்துக்கொண்டு போனதாம். உடலைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். நேரடி விமானம்தான்.

கட்டுரை என்னுடையது என்பது எனக்கு அன்றைக்கே உறைத்தது. வெட்டிய வரியும் அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எத்தனையோ பேர் படித்தார்கள், எத்தனையோ பேர் நல்லபடியாகப் போய்வந்தார்கள், இது விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். தங்கை ஒரு மூலையில், மடித்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியார் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேணாம் வேணாம்னு சொன்னவனை இழுத்துட்டுப் போய்க் கொன்னுட்டாளே" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்பது நாள் கழிந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, யாரோ பெட்டி எடையை மறுபடியும் குறைத்துவிட்டார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவின் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயர் 'ஜன்னல் சீட்டு'. வாசகர்கள் இப்படித்தான் ஏதாவது பெயர் வைத்துக்கொள்வார்கள்.

'அக்கா, போய்வந்து எழுதச் சொன்னீங்க. எழுதறேன். என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது, அங்க கடல்ல இறங்கலாமான்னு உங்களைக் கேட்டிருந்தேன். நீங்க பதில் போட்டீங்க. அதைக் காட்டித்தான் அவரைச் சம்மதிக்க வச்சேன். அத்தைக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். போய்வந்தவளே சொல்றா, அப்புறம் என்ன, போய்ட்டு வாங்கன்னு அவங்களும் சொன்னாங்க. அவர் இப்ப இல்ல. உங்களை நான் குத்தம் சொல்லல. ஒண்ணே ஒண்ணு தெரியணும். நீங்க இறங்கினது எந்த இடம்? பாறை இருக்கிற பக்கமா, படகு கட்டுற பக்கமா? நாங்க படகுப் பக்கம் இறங்கினோம். இடத்தைக் காட்டினது நான். அலை அடிக்கும்னு அவர் கண்ணாடியை வாங்கி வச்சுக்கிட்டதும் நான்தான். கண்ணாடி இல்லாம அவருக்குக் கரை எந்தப் பக்கம்னே தெரிஞ்சிருக்காது. நாங்க தப்பான இடத்துல இறங்கிட்டோமா அக்கா? இது தெரியாம எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது.'

கீழே என்னுடைய பதிலையும் இணைத்திருந்தாள்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசகர்களுக்குப் பதில் போடுவதும் என் வேலைதான். ஒரு நாளைக்கு அறுபது கேள்வி வரும். அதற்காகப் பத்துப் பதில்களைத் தயாராக எழுதி வைத்திருக்கிறோம். விசா கேட்டால் ஒன்று. சாப்பாடு கேட்டால் இரண்டு. தண்ணீர், நீச்சல் என்று கண்ணில் பட்டால் மூன்று. எண்ணை அமுக்கினால் போதும், மிச்சம் தானாகப் போய்விடும். மூன்றாவது பதில் நான் ரசித்து எழுதியது.

பதில் போன நேரம் பார்த்தேன். மதியம் ஒன்றேகால். அந்த நேரத்தில் நான் எப்போதும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருப்பேன். வலது கையில் சாப்பாடு, இடது கையில் எண்கள். கேள்வியைப் படித்தே இருக்க மாட்டேன்.

கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"பதில் எதுவும் போடாதே. வக்கீல்கிட்ட அனுப்பிடலாம். யாரு இந்தப் பொண்ணு, விலாசம் ஏதாவது இருக்கா?"

"என் தங்கச்சி சார்."

கடிதத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். அப்புறம் அவர் முகம் தெளிந்தது.

"அப்ப நல்லதாப் போச்சு. வீட்டு ஆளு. நீயே பக்குவமாப் பேசிச் சமாதானம் பண்ணிடு."

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் வேலையை நன்றாகத் தெரிந்தவர், அவ்வளவுதான். பாறைப் பக்கம் என்று ஒரு வார்த்தை எழுதினால் என் தங்கை சாகிறவரைக்கும் அவரைத் தப்பான இடத்தில் இறக்கியவளாக இருப்பாள். படகுப் பக்கம் என்று எழுதினால் கண்ணாடியை வாங்கி வைத்தவளாக இருப்பாள். அக்கா எந்தப் பதில் எழுதினாலும் பழி அவள் தலையில்தான் விழும். அதை இறக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவன் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வாளி நிரம்பி வழிந்தது, அதைக் கழிவறையில் கொட்டிவிட்டு வந்து வைத்தேன், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தங்கை வீட்டுக் கதவு திறந்திருந்தது. முன்னறைக் கட்டிலில் மாமியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"வாங்க தம்பி. நீங்களே வந்துட்டீங்க, நல்லது. உங்க தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயிடுங்க. அவளைப் பார்க்கிறப்பல்லாம் எம்புள்ள தண்ணியில போறதுதான் தெரியுது. நானும் எத்தனை நாள்தான் பொறுத்துக்குவேன்?"

தங்கை சமையலறையில் ஒரே ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். இருவரும் தனித்தனியாகச் சமைக்கிறார்கள் என்பது அடுப்பைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் திரும்பி, "சாப்பிட்டியாண்ணா?" என்றாள். அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை.

"ஜன்னல் சீட்டு நீதானா?" என்றேன்.

தட்டை வைத்தாள். "அந்த அக்கா உன்கிட்ட கொடுத்தாங்களா? என்ன சொன்னாங்க? எந்தப் பக்கமாம்?"

"எந்தப் பக்கமும் இல்லம்மா. அவ அங்க போனதே இல்ல."

"போகாம எப்படிண்ணா, சோப்பு வரைக்கும் எழுதியிருக்காங்களே?"

"அப்படி ஒரு பொம்பளையே இல்ல. அது நான்தான். ஆறு வருஷமா நான்தான் எழுதறேன். இறங்கக்கூடாதுன்னு விடுதிக்காரனே எழுதிக் கொடுத்திருந்தான். அதை எடுத்துட்டுத்தான் சோப்பைப் போட்டேன். அந்தக் கடல்ல அந்த மாசத்துல எந்தப் பக்கம் இறங்கினாலும் ஒண்ணுதான். நீ காட்டின இடத்துல தப்பில்ல. கண்ணாடியிலயும் தப்பில்ல."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடவில்லை. அழுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப அந்தப் பதில்?"

"நான்தான்."

"நான் கேட்டதைப் படிச்சியா?"

"இல்ல."

"என்ன பண்ணிட்டு இருந்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குக் கைவந்த தொழில்தான். "சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள், எதையோ தேடி என்னிடம் நீட்டினாள்.

"வா. அத்தைகிட்ட வந்து சொல்லு."

முன்னறையில் நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன். மாமியாருக்கு முதலில் விளங்கவில்லை. "போய்ட்டு வந்த அந்தப் பொண்ணு யாரு, அதைச் சொல்லுங்க தம்பி" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பெண் இல்லை, நான் உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன் என்று மூன்றாவது தடவை சொன்னபோதுதான் அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ படிச்சுக் காட்டினா. நானும் சரின்னேன்" என்றார். "கையில வச்சிருக்கீங்களே, அதானா? படிங்க."

படித்தேன். என் வாயால் அதைச் சத்தமாகப் படித்தது அதுதான் முதல் தடவை. "கவலையே வேண்டாம் கண்ணு. நானும் நீச்சல் தெரியாதவள்தான், நானும் உன்னைப் போலத்தான் பயந்தேன். தண்ணீர் முழங்கால் அளவுதான். தைரியமாக இறங்குங்கள். போய்வந்து எனக்கு எழுது. அன்புடன், ஊர்சுற்றி அக்கா."

மாமியார் காலை மடக்கிக்கொண்டு கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். எனக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். தங்கை போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். அந்தம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நாற்பது நாளில் அவர்கள் தொட்டுக்கொண்டது அன்றைக்குத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இப்போது இருவரும் என்னையே பார்த்தார்கள்.

"இன்னொரு தடவை படிங்க" என்றார் மாமியார்.

படித்தேன். முழங்கால் அளவு என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாதே" என்றாள் என் தங்கை.