கடற்பாலத்தில் நின்றவன்

தபால் துறை அந்த வருடமும் தபால்தலைகளை அடித்துத் தள்ளியது. காரில் விரிகுடா என்ற கடலோர ஊரின் தபால்தலை சேகரிப்போர் சங்கத்தில் மிஞ்சியிருந்தது டல்சி ஹாரப்பும், அவளோடு பள்ளியில் படித்த நெவில் ஷிர்மரும்தான். சனிக்கிழமை மதியம் டல்சி வீட்டில் தேநீரோடு புலம்பல் ஆரம்பமாகும்.

"கோலா கரடிக்கு மட்டும் நாலு செட் போட்டுட்டான். எல்லாம் ஸ்டிக்கர் வேற. ஊறப் போட்டா கவர் கரையுது, ஸ்டாம்ப் மட்டும் வரமாட்டேங்குது" என்றான் நெவில்.

"அப்ப வாங்காத."

"ஆல்பத்துல ஓட்டை விழுமே! அத யாரு பாக்குறது?"

டல்சி சிரித்தபடி புது வெளியீட்டின் உறையைப் பிரித்தாள். சிரிப்பு நின்றது. பத்துத் தபால்தலைகள் கொண்ட தாள். பத்திலும் அவர்கள் ஊர்ப் பழைய கடற்பாலம். அவள் இளமையில் ஒரு குளிர்காலப் புயல் அதை அடித்துக்கொண்டு போனபோது, அதன்மேல் கணவாய் மீன் பிடிக்கப் போயிருந்த அவள் தம்பி லயலும் கூடவே போனான். உடல் கரை ஒதுங்கவில்லை. பாலத்தில் இப்போது மிச்சம் இருப்பது அதைத் தாங்கிய கட்டைக்கால்கள்தான்.

முதல் தலையில், பாலத்தின் கடைசியில், மஞ்சளாக ஒரு புள்ளி. நெவில் பூதக்கண்ணாடியை வைத்தான். மழைக்கோட்டு போட்ட ஓர் ஆள். தான் வாங்கியிருந்த அதே தாளை எடுத்துப் பார்த்தான். அதில் பாலம் காலி.

"அச்சுப்பிழை! அடிச்சுது பாரு உனக்கு யோகம்! உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கும், டல்சி!"

"அடுத்ததப் பாரு" என்றாள் அவள்.

இரண்டாவதில் அந்த ஆள் சற்றுக் கிட்டே வந்திருந்தான். அதற்கடுத்ததில் இன்னும் கிட்டே. கடைசித் தலையில் முகமே தெரிந்தது. நாய் கடித்துப் பாதி போன இடது காதும் தெரிந்தது.

நெவிலின் குரல் இறங்கிவிட்டது. "நம்ம லயல்... வயசே ஆகலையே."

டல்சி கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நெவிலும் பின்னால் ஓடினான்.

கடற்கரையில் ஆள் இல்லை. காற்றும் இல்லை. வெறும் கட்டைக்கால்கள் நீரில் வரிசையாக நின்றன. அவற்றின் மேலே, பலகையே இல்லாத இடத்தில், பலகை அதிரும் சத்தம் கேட்டது. கனத்த பூட்ஸ் காலடி. தூரத்தில் தொடங்கி, நிதானமாக, கரையை நோக்கி.

நெவில் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். "உனக்குக் கேக்குதா?"

அவள் தலையசைத்தாள். இத்தனை வருடமாக அவன் வருவான் என்று காத்திருந்தவள்தான். இப்போது ஓர் அடி பின்வாங்கினாள்.

"லயல்," என்றாள், "வந்தவரைக்கும் போதும்டா. அம்மா போயிட்டாங்க. நான் கிழவியாயிட்டேன். கரைக்கு வராத, கண்ணு. திரும்பிப் போயிடு."

காலடி நின்றது.

அவர்கள் குளிரில் விறைத்துப்போகும்வரை நின்றார்கள். அவன் திரும்பிப் போகும் சத்தம் மட்டும் கேட்கவேயில்லை.

டல்சி அன்று தன் வீட்டுக்குப் போகவில்லை. நெவில் வீட்டில்தான் தங்கினாள். மேசைமேல் விட்டுவந்த தாளை எடுத்துவர, உலகத்துக்கே ஒன்று என்று குதித்த நெவிலும் போகவில்லை.