பூட்ஸ் தண்ணீர்

சனிக்கிழமை காலை, தேயிலை ஆலையில் ஏழு மணிச் சங்கு ஊதியது. கெஸியா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சமையலறை ஜன்னலில் மூன்று புட்டிகள். மூன்றிலும் ஒரே செல்லால் ஆன பாசி. ஒன்றில் களைக்கொல்லி அதிகம், இன்னொன்றில் கொஞ்சம். மூன்றாவதில் எதுவும் கலக்கவில்லை. அது நலமாக இருந்தால்தான் மற்ற இரண்டின் சேதத்தை ஒப்பிட முடியும். இது அவள் பட்ட ஆய்வு. திங்களன்று ஊட்டிக் கல்லூரியில் பேராசிரியை ஜெஸிந்தாவிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவதிலும் செல்கள் உப்பிக் கிடந்தன. கிண்ண வடிவப் பசுங்கணிகம் சிதைந்திருந்தது. நீந்துவதற்கான இழைகள் உதிர்ந்துவிட்டன.

"ஏனுங்க, இந்தப் புட்டியத் தொட்டீங்களா?"

வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான் அவள் கணவன் பிராங்ளின். எஸ்டேட்டில் களைக்கு மருந்து அடிக்கும் ஆட்களுக்கு சூப்பர்வைசர்.

"தண்ணி கொறஞ்சு கெடந்துச்சு. நாந்தான் பீப்பாய்ல இருந்து ஊத்தி உட்டேன். மழைத்தண்ணிதான?"

பீப்பாய் கூரையோரம் நின்றது. வேலை முடிந்து வந்ததும் அதில் பிளாஸ்டிக் மக்கால் மொண்டுதான் அவன் பூட்ஸைக் கழுவுவான். மருந்து பட்ட அந்த மக்கைத் திரும்பப் பீப்பாய்க்குள்ளேயே போடுவான். கெஸியா மக்கைப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள்.

"பூட்ஸ் கழுவுன தண்ணியப் போய் ஊத்திருக்கீங்க."

"அதுக்கே படுத்துருச்சா? நீ ரொம்பச் செல்லங் குடுத்துட்ட புள்ள."

கோபப்பட நினைத்தவள் சிரித்துவிட்டாள்.

நல்ல பாசி ஒரு சோதனைக் குழாயில் மிச்சம் இருந்தது. வேலை முடிந்ததும் பிராங்ளின் தேயிலைக்கு மேலே, சோலைக்குள் இருக்கும் ஊற்றுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் கொதிக்கவைத்து, ஆறவைத்து, உப்புகள் சேர்த்துப் பாசியை விட்டாள். அவன் பீப்பாயைக் காலி செய்து தேய்த்துக் கழுவினான். அவள் சொல்லவில்லை, அவனாகவே செய்தான்.

திங்கள் காலை செல்கள் நீந்தின. கெட்டுப்போன புட்டியில் 'பூட்ஸ்' என்று எழுதி அதையும் எடுத்துப்போனாள். ஜெஸிந்தா அதைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு கொஞ்சத்துக்கே இப்படியா? இதையும் ஆய்வுல சேத்துரு."

இரவு மழை பெய்தது. பிராங்ளின் கொல்லைக் கீரையைப் பறித்துக் கடைந்து வைத்திருந்தான். சோறு சூடாக இருந்தது. பேராசிரியை சொன்னதைக் கேட்டு அவனுக்குப் பெருமை.

"அப்ப பட்டத்துல பாதி எம் பூட்ஸுக்கு."

சிரித்தபடி அவள் சோற்றைப் பிசைந்தாள். அடுப்பருகே பறித்து மிஞ்சிய கீரை கிடந்தது. இலைகளின் ஓரம் மஞ்சளாக இருந்தது. அவள் கை நின்றது.

"ஏனுங்க, அந்தப் பீப்பாய்த் தண்ணிய எங்க ஊத்துனீங்க?"