இரண்டு கையும் மேலே

மறுபடியும் பின்பக்கம் தரையில் இடிக்கத்தான் விழுந்தாள் ஜெயராணி. தேவனாம்பட்டினம் கடற்கரை மணல் மெத்தை மாதிரி இருக்கும் என்று சொன்னவர்கள் யாரும் அதில் பல்டி அடித்து விழுந்து பார்த்தவர்கள் இல்லை. ஈர மணல் சிமெண்டுத் தரைக்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல. எழுந்து டிராக் பேண்டைத் தட்டிக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி, போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருந்த பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடலைப் பார்த்தார்கள். கடலில் அப்போது பார்க்க ஒன்றுமே இல்லை.

முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ப்ளஸ் டூ படிக்கும்போது மாவட்ட அளவில் நானூறு மீட்டர் ஓடியவள். அதற்கப்புறம் அவள் ஓடியதெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னால்தான். கல்யாணமான பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்து, சிதம்பரத்தில் ஒரு வருஷ உடற்கல்விப் படிப்பில் சேர்ந்தபோது, பேண்ட் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரு வாய் பேசித் தீர்த்தார்கள். புருஷன் அன்பரசு மட்டும் ஒன்றும் பேசவில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மூட்டை தைக்கும் வேலை அவனுக்கு. அந்த ஒரு வருஷத்துக்கு நைட் ஷிப்டாகவே கேட்டு வாங்கிக்கொண்டு, பகலில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, கிடைத்த நேரத்தில் தூங்கினான். கண் எப்போதும் செக்கச் செவேலென்று கிடந்தது.

"இந்த வருஷத்தோட முடிச்சிடு ஜெயா. இன்னொரு வருஷம்லாம் என் ஒடம்பு தாங்காது" என்று ஒருநாள் சொன்னான். அதில் மிரட்டல் இல்லை, உள்ளதைச் சொன்னான், அவ்வளவுதான். மிரட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். தேறி வந்தால் ஜூனில் சேர்ந்துகொள்ளலாம் என்று பண்ருட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். எழுத்துத் தேர்வு, ஓட்டம், கோகோ எல்லாம் தாண்டிவிட்டாள். இந்தப் பாழாய்ப்போன பல்டி ஒன்றுதான் பாக்கி. ஓடி வந்து, இரண்டு காலையும் சேர்த்துத் தரையை உதைத்து, இரண்டு கையையும் மேலே வீசி, காற்றில் சுருண்டு, திரும்பக் காலில் வந்து நிற்க வேண்டும். அவளோடு படிக்கும் இருபத்தொரு வயதுப் பெண்கள் தோசையைத் திருப்பிப் போடுவதுபோல அதைச் செய்தார்கள்.

"உங்களுக்குப் பயம். அதான் கை கீழ எறங்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் சொல்லிக்கொடுக்கும் நடராஜ் சார். அவளைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர். ஆனால் அது பயமில்லை என்று ஜெயராணிக்குத் தெரியும். என்னவென்றுதான் தெரியவில்லை.

அன்று ஷிப்ட் முடிந்து டிபன் பையோடு நேரே கடற்கரைக்கு வந்திருந்த அன்பரசு, அவள் விழுவதைப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. பறக்கப் போறவ எதுக்கு டீ-சர்ட்ட இழுத்து உடுற?"

"நான் எங்க மாமா இழுத்தேன்?"

அவன் எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிக் காட்டினான். குதிக்கும் சமயம் பார்த்து வலது கை தன்னால் இறங்கி, சட்டையின் அடிப்பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுத்தது. போலீஸ் பையன்கள் இப்போது வாய்விட்டே சிரித்தார்கள். ஜெயராணிக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு எங்கே என்று தெரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. மணலில் உட்கார்ந்துகொண்டாள்.

"வவுறு தெரியிது மாமா" என்றாள்.

இரண்டு பிள்ளையும் ஆபரேஷன். தொப்புளுக்குக் கீழே சுருங்கித் தொங்கும் தோலும், அதன் நடுவே இழுத்துத் தைத்த தழும்பும் அவளுக்கே பார்க்கப் பிடிக்காது. உடை மாற்றும் அறையில் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலிச்சுதாக்கா?" என்று கேட்டாள் கூடப் படிக்கும் நித்யஸ்ரீ. பாசமாகத்தான் கேட்டாள். கேலி செய்திருந்தால் மறந்திருப்பாள், அந்தப் பாசத்தைத்தான் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு கை எப்போதும் காவலுக்கு நின்றது.

அன்பரசு கிட்டே வந்து, அவள் டீ-சர்ட்டின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தான். ஆறுதல் சொல்ல அவனுக்கு வராது, வேலைதான் தெரியும்.

"இதுக்கா இவ்ளோ நாளு உழுந்து எழுந்த? தச்சி உட்டுட்டா போச்சி" என்றான்.

தேர்வன்று காலை அப்படியே செய்தான். டீ-சர்ட்டை டிராக் பேண்டுக்குள் விடாமல், மேலேயே இறுக்கி இழுத்து, கோணி ஊசியில் வெள்ளை நைலான் நூல் கோத்து, இடுப்பைச் சுற்றிலும் பேண்டோடு சேர்த்துத் தைத்தான். "அசையாத. மூச்ச புடி" என்று அதட்டினான். "மாமா, குத்திடாத" என்று அவள் நெளிந்தாள். தைத்து முடித்துத் தட்டிப் பார்த்தபோது அவன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "இப்ப தலகீழா தொங்குனாலும் ஒண்ணும் தெரியாது, போ!"

ரயில் பாதையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்ததால் அந்த வருஷமெல்லாம் சிதம்பரத்துக்கு பஸ்தான். தைத்தவன் அவசரத்துக்கு அவிழ்க்க ஒரு வழி வைக்கவில்லை என்பது ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. சித்திரை வெயிலில் நாக்கு வறண்டும் சிதம்பரம் போய்ச் சேரும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. இனி அந்தக் கைக்கு வேலையில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ராமாமிர்தம் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. அவள் பெயரைக் கூப்பிட்டதும் மைதானத்துக்கு வந்து, சோம்பல் முறிப்பதுபோலக் கைகளை மேலே தூக்கினாள். காதுக்கு மேல் கை போகவில்லை. சட்டை தோளைப் பிடித்துக் கீழே இழுத்தது. கையைத் தொங்கப் போட்டு நிற்கவைத்தே தைத்திருக்கிறான் மனுஷன்! அவன் இத்தனை வருஷம் தைத்த எந்த மூட்டையும் கையைத் தூக்கியதில்லை.

"ரெடியா?" என்றார் ராமாமிர்தம். ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓடினாள், உதைத்தாள், கையை வீசினாள். காதோடு கை நின்றுவிட, பாதி சுற்றில் உடம்பு கனத்து, முதுகு தரையில் விரித்திருந்த மெத்தையில் பொத்தென்று அறைந்தது. நடராஜ் சார் ஓடி வந்தார்.

"இன்னும் ஒரு சான்ஸ்தாம்மா இருக்கு. முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார் ராமாமிர்தம்.

"முடியும் சார்" என்றாள். அன்பரசுவின் சிவந்த கண் ஒரு கணம் வந்து போனது. அவன்மேல் கோபமாக வந்தது. அதைவிடத் தன்மேல்தான் கோபமாக வந்தது. இத்தனை நாள் தன் கையே தன்னைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. போதாதற்கு, பிரியப்பட்ட மனிதனைக் கொண்டு அதைத் தைத்தும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

நித்யஸ்ரீ கையில் ஊக்குகளோடு ஓடி வந்தாள். "அக்கா, ஓரத்துல பிரிஞ்சிருக்கு. பின்னு குத்திடவா?"

"வேணாம் பாப்பா. தள்ளிக்க."

பிரிந்த இடத்தில் விரல் கொடுத்துச் சட்டையைப் பிடித்து, ஒரே இழுப்பாக இழுத்தாள். மூட்டை நூல் அறவில்லை, துணிதான் கிழிந்தது. டர்ரென்ற சத்தத்துக்கு மைதானமே திரும்பிப் பார்த்தது. இடுப்பைச் சுற்றி சட்டையின் அடித்துணி வெள்ளைப் பட்டையாக பேண்டிலேயே நின்றுவிட, சட்டை ஒரு சாண் குட்டையாகி, தொப்புளுக்கு மேலே ஏறிக்கொண்டது. இனி இழுத்துவிட்டாலும் மறைக்கத் துணி மிச்சமில்லை.

ஓடினாள். வயிற்றில் காற்றுப் பட்டது. மைதானம், வெயில், அத்தனை பேர் பார்வை, எல்லாம் அந்த வயிற்றில்தான் வந்து விழுந்தன. விழட்டும் என்று உதைத்தாள். இரண்டு கையும் தடையில்லாமல் மேலே போயின. உடம்பு தானாகச் சுருண்டது. வேப்பமரம் தலைகீழாக வந்தது, நாற்காலியின் கால்கள் மேலே வந்தன, அப்புறம் உள்ளங்காலில் சுரீரென்று தரை வந்தது. வலது முழங்கால் மடங்கியது. ஒரு அடி முன்னால் தள்ளாடி, நின்றாள். தள்ளாடினால் மார்க் குறையும். எவ்வளவு குறையும் என்று அவளுக்குத் தெரியாது. ராமாமிர்தம் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"போதும், கைய எறக்குங்க" என்றார் நடராஜ் சார் மெதுவாக.

அவளுக்குக் கேட்டது. கிழிந்த சட்டை மார்புக்குக் கீழே படபடக்க, மூச்சு வாங்கி ஏறி இறங்கும் வயிற்றில் தழும்பு வியர்வையில் நனைந்து வெயிலுக்கு மினுங்க, இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டியபடியே இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள் ஜெயராணி.