கேமராவை மறைத்த முதுகு

1.
ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைகள் பற்றி ஒரு மருத்துவமனைக்குக் கையேடு எழுதிக்கொடுக்கப் போனவன் நான். கையேட்டில் இடமில்லாத ஒருத்தி இந்தக் கதையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். தையல்காரி. அவளுடைய ஏழு வயது மகளை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதல் வரி இப்படி இருந்தது: 'வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஒரு தாயின் கண்ணீர்...' (சீ. அவள் அழவே இல்லை. பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.)

2.
மூன்று மருந்து மாற்றியும் மகளுக்கு வலிப்பு நிற்கவில்லை. அது மூளையில் எங்கே கிளம்புகிறது என்று பார்க்க, மருந்தைக் குறைத்து, தலை முழுக்க வயர் ஒட்டி, கேமராவுக்கு முன்னால் அவளைப் படுக்கவைத்தார்கள். நான்கு வருடமாக வராதே வராதே என்று வேண்டிய தாய், இப்போது அது வரட்டும் என்று காத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை வலிப்பு வந்தது. தையல்காரி பாய்ந்துபோய் மகளைக் கட்டிக்கொண்டாள். பதிவைப் பார்த்த நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, படம் முழுக்க உங்க முதுகுதான் தெரியுது. பிள்ளையோட கையும் முகமும் எப்படி இழுக்குதுன்னு பாக்கணும்ல? அடுத்த தடவ தள்ளி நில்லுங்க."

"இன்னொரு தடவ வரணுமா?"

"வரணும்."

(இங்கே கணவனை ஒரு வசனம் பேசவைத்தேன். ஒட்டவில்லை. டீ குடிக்க வெளியே அனுப்பிவிட்டேன், அங்கேயே இருக்கட்டும்.)

3.
மறுநாள் வலிப்பு வந்தபோது நர்ஸ் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டாள். தையல்காரி சுவரோடு சுவராக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த நாற்பது நொடியும் அவள்...

(விட்டுவிடுகிறேன். எனக்கும் பயம்.)

4.
டாக்டரம்மா மூளைப் படத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார்.

"மூணு வழி இருக்கும்மா. வலிப்பு கிளம்புற இடத்தையே எடுத்துடலாம். சிலருக்கு அத எடுக்காம, பரவுற பாதைய மட்டும் துண்டிப்போம். ரெண்டும் முடியலன்னா நெஞ்சுத் தோலுக்கு அடியில ஒரு சின்னக் கருவி வைப்போம். வலிப்பு குறையும், முழுசா நிக்கறது கஷ்டம். உங்க பொண்ணுக்கு முதல் வழிதான் நல்லது. ஆனா அந்த இடம் பேச்சுக்குப் பக்கத்துல இருக்கு."

"எவ்வளவு பக்கத்துல?"

டாக்டரம்மா சுண்டுவிரலைக் காட்டினார். தையல்காரிக்குப் பகீரென்றது. அந்த அகலத்துக்குள் கத்தரி எத்தனை முறை தப்பியிருக்கிறது என்று அவளுக்குத்தானே தெரியும்.

"பேச்சு போயிட்டா, டாக்டர்?"

"போகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். போனாலும் பல பிள்ளைங்களுக்குக் கொஞ்ச மாசத்துல திரும்பும். செய்யாம விட்டா, என்னைக்காவது ஒரு வலிப்பு உயிருக்கே..."

தையல்காரி சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள். அது அவள் கையெழுத்து மாதிரியே இல்லை.

5.
முதல் முடிவில் பிள்ளை கலகலவென்று பேசினாள். (அடித்துவிட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.) இரண்டாவதில் பேசவில்லை. (அதை எழுதிய தாளைக் கிழித்துப்போட்டேன்.)

மூன்றாவதில், அறுவை முடிந்து, தலைக்கட்டோடு கிடக்கும் மகள் கண் திறக்கிறாள். தையல்காரி குனிகிறாள்.

"நான் யாருன்னு சொல்லு, கண்ணு."

பிள்ளையின் உதடுகள் மெல்லப் பிரிகின்றன.

இதற்குமேல் நான் எழுத மாட்டேன். நீங்கள் சட்டென்று 'அம்மா' என்று எழுதிவிடுவீர்கள், தெரியும். அதற்கு முன் ஒரு நிமிடம் அந்தக் கட்டில் பக்கத்தில் அவளாக நின்று பாருங்கள். பிறகும் துணிச்சல் இருந்தால் எழுதுங்கள். எனக்கு இல்லை.