எட்டாவது வாரம்

என் வலது காலை உடைத்தவன் இன்பமணி. 1974 ஜூன் முதல் வாரம், தருவை மைதானத்தில், எங்கள் அணியே இரண்டாகப் பிரிந்து ஆடிய பயிற்சியில். பந்துக்குத்தான் காலை நீட்டினான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எதிர்க் கோலில் நின்றவனுக்கும் கேட்டதாம்.

நாங்கள் இருவரும் ஒரு கப்பல் ஏஜென்சியில் பந்துக்காகவே எடுக்கப்பட்டவர்கள். பகலில் கிட்டங்கியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை, மாலையில் கால்பந்து. ஆட முடியாதவனுக்கு அங்கே இடமில்லை. மானேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிரு, தனராஜ். செப்டம்பர்ல ஆபீஸ்ல ஒரு இடம் காலியாவுது."

டாக்டர் மாவுக்கட்டு பன்னிரண்டு வாரம் இருக்க வேண்டும் என்றார். கட்டு ஒழுங்காக இருந்தால் மறுவருஷம் ஆடலாம் என்றும் சொன்னார். பரீட்சை பத்தாவது வாரத்தில் வந்தது.

தினமும் இன்பமணி என்னைச் சைக்கிளில் பின்னால் வைத்து இன்ஸ்டிட்யூட்டுக்குக் கொண்டுபோனான். கட்டுப் போட்ட கால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்.

"ஏலே, எதிர்ல வாரவன்லாம் ஒதுங்குதான். கம்பி ஏத்துன வண்டின்னு நெனைக்கான்."

"பாத்து ஓட்டுலே."

"நீ ஒரு செவப்புத் துணியக் கட்டிக்கோ."

சிரிப்பான். இறக்கிவிடும்போது சிரிப்பு போய்விடும். என் கால் எலும்பு கூடினால் நாசரேத் கோயில் அசன விருந்துக்கு ஒரு மூட்டை அரிசி தருவதாகப் பொருத்தனை செய்திருந்தான். அதை அவன் அம்மா சொல்லித்தான் தெரியும்.

காலையில் இரண்டு மணி நேரம், மத்தியானம் இரண்டு மணி நேரம். முதல் பத்து நாள் ஒரே வரிசை எழுத்துகள். சுண்டுவிரல் வீங்கியது. நான்காவது வாரம் எழுத்தைப் பார்க்காமல் அடித்தேன். விரல்களுக்கும் ஓடத் தெரியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அந்தச் சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை.

மேஜைகள் சுவரை ஒட்டிக் கிடந்தன. நீட்டிய கால் உள்ளே போகாது. உடம்பைத் திருப்பி உட்கார்ந்தால் வலது கை தள்ளிப் போகும். இன்ஸ்டிட்யூட் நடத்திய சுந்தரராஜ் சார் தாளைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் இருபத்தெட்டுப் பிழை.

"பிப்ரவரில எழுதலாம்லா?" என்றார்.

"செப்டம்பர்ல இடம் போயிரும், சார்."

எட்டாவது வாரம் சனிக்கிழமை, அறையில் தனியாக, கட்டை வெந்நீரில் ஊறவைத்தேன். தகரம் வெட்டும் கத்தரியால் அறுத்தெடுத்தேன். கால் வெளுத்து, மெலிந்து, வேறு யாருடையதோ போலிருந்தது. மடக்கினேன். மடங்கியது.

திங்கட்கிழமை இன்பமணி வாசலில் நின்றுவிட்டான்.

"கட்டப் பிரிச்சாச்சா? பன்னெண்டு வாரம்னாங்களே?"

"சீக்கிரமே கூடிட்டாம். டாக்டரே பிரிச்சுட்டாரு."

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஸ்தோத்திரம்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அரிசி மூட்டையை நாசரேத்தில் கொண்டு இறக்கினான்.

பரீட்சை நன்றாக எழுதினேன். வெளியே வரும்போது கடைசிப் படியில் கால் பிசகியது. எலும்பு விலகிவிட்டது. டாக்டரிடம், கட்டுக்குள் தண்ணீர் போய்த் தானே கழன்றுவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை. திட்டிவிட்டு மறுபடி கட்டினார். கால் ஒரு அங்குலம் குறைந்து கூடியது.

பாஸ் ஆனேன். ஆபீஸில் அந்த இடத்துக்கு ஆள் எடுத்தது செப்டம்பரில் அல்ல, மார்ச்சில். பிப்ரவரியில் எழுதியிருக்கலாம்.

எடுக்கப்பட்டவன் நான்தான். மாடியில் ஜன்னலோரம் மேஜை. சுவரை ஒட்டி இல்லை.

அடுத்த வருஷம் இன்பமணிக்கு மாவட்ட அணியில் பெயர் வந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு நோட்டுத் தாளை என்னிடம் நீட்டினான். எங்கள் அணியிலிருந்தும் விலகுவதாகத் தமிழில் எழுதியிருந்தான்.

"இத இங்கிலீஷ்ல அடிச்சுத் தாலே."

"எதுக்கு இப்ப?"

"பந்துக்குக் கால நீட்டுனா அந்தச் சத்தம் கேக்கு. நீட்ட மாட்டேங்கேன். பயல்வ கேலி பண்ணுதானுவ."

"அது ஆட்டம்லே. ஒன்மேல என்ன தப்பு?"

"அதான் நானும் நெனச்சேன், மொதல்ல கூடுனப்ப. அரிசியக் கொண்டு குடுத்து ஒரு வாரம் ஆவல, திரும்ப ஒடஞ்சிட்டு. கர்த்தர் அத ஏத்துக்கிடல."

சொல்லியிருக்கலாம். கட்டை அறுத்தது நான்தான் என்று மூன்று வார்த்தை. ஆபீஸ் கடைசியில் மானேஜர் உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

தாளைச் செருகினேன். எட்டு வரி. ஒரு பிழையும் இல்லை.

இன்பமணி எனக்குப் பின்னால் நின்று விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதாவது ஒனக்கு வந்துதே" என்றான்.

கையெழுத்துப் போட்டு மானேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தான். ஐந்து மணி. படியிறங்க எப்போதும்போலத் தோளைக் கொடுத்தான். பிடித்துக்கொண்டு இறங்கினேன்.