கண்டும் காணாத துரை

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஆங்கில மரபுத்தொடர்களுக்கு மாணவர் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். 'டு டேர்ன் எ பிளைண்ட் ஐ': கண்டும் காணாமல் விடுதல். எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம் வேண்டுமே! 'அழகம்மா லயத்தில் தங்கியிருப்பதைத் துரை கண்டும் காணாமல் விட்டார்.' முற்றுப்புள்ளி வைத்த பிறகும் அவள் போகவில்லை. யாரம்மா நீ என்று கேட்டுத் தொலைத்தேன்.

2

இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், 1958. கங்காணியை எதிர்த்துப் பேசியதில் அழகம்மாவுக்கு வேலை போயிற்று. வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையும் போகும். (புருசன் செத்ததையும் எழுதி உங்களை அழவைக்கலாம். வேண்டாம், ஒரு மகள் போதும்.) போக்கிடமில்லாமல் அங்கேயே இருந்தாள். காலையில் அந்த லயத்தைக் கடக்கும்போது, தோட்டத்தை நடத்தும் துரை முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொள்வார். நல்ல மனுசர். எவ்வளவு நல்லவர் என்றால்...

(இந்த வாக்கியம் முடியவில்லை.)

கணக்கப்பிள்ளை சிவசாமி வந்து சொன்னார்: "தொரை ஒன்னும் சொல்ல மாட்டாரு. பேசாம இருந்துக்கங்க."

"சாமி மாதிரி தொரைங்க," என்றாள், கண் கலங்கி.

'அவரு கண்ணுல மட்டும் பட்டுறாதீங்க' என்பதையும் சிவசாமி வாயில் வைக்கப் பார்த்தேன். மனுசன் சொல்லமாட்டேன் என்கிறார். அவள் முகத்தைப் பார்த்தபின் யாருக்குத்தான் வாய் வரும்?

(மாணவர் கவனிக்க: இது அனுமதி அல்ல. 'பார்த்தேன்' என்று துரை சொல்லவேண்டி வந்தால் எல்லாம் முடிந்தது.)

3

தீபாவளிக்குத் தப்படித்துக்கொண்டு போய்த் துரைக்கு மாலை போடுவது தோட்டத்து வழக்கம். அழகம்மாவும் செவ்வந்தி மாலையோடு கிளம்பினாள்.

"நாம போக வேணாம்மா," என்றாள் மகள் நாகலெட்சுமி.

"உப்பிட்டவரை உள்ளளவும் நெனைக்கணும்டி. இருக்க எடம் குடுத்தவருக்கு ஒரு மாலை போடாட்டி நாம மனுசங்களா?"

அழகம்மாவைக் காய்ச்சலில் படுக்கவைத்து எழுதிப்பார்த்தேன். எழுந்துவிட்டாள். மழையைக் கொட்டினேன். நனைந்துகொண்டே போனாள். நன்றிகெட்டவளாக எழுதியிருந்தால் பிழைத்திருப்பாள். அதற்கு எனக்குக் கை வரவில்லையே என்ற வருத்தம் தீராது.

4

பங்களா வாசல். துரைக்குப் பக்கத்தில், தோட்டத்தின் உரிமையாளரான கொழும்புக் கம்பெனியின் பெரியவர். மாலை போடுகிற ஒவ்வொருவரையும், "இவருக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார். துரை சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார்.

அடுத்தது அழகம்மா. மாலையைத் தூக்கிவிட்டாள். துரை சிரிக்கவில்லை, குனியவும் இல்லை. பெரியவர் திரும்புகிறார்...

இங்கேயே பேனாவை வைத்துவிட்டேன். நீங்களும் அவளைப் பார்க்காதீர்கள். முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்காதவரை அந்த அறை அவளுக்கு இருக்கிறது.